மூக்கில்லாத படகு

தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகும் ஒருவர் போன வருடம் ஒரு பழைய படகு வாங்கினார். 17 அடி ஃபைபர். அதற்கு அணியமே கிடையாது. கூராக முடிய வேண்டிய முன்பக்கம், யாரோ குறுக்கே வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக நிற்கும். குனிந்து அடியைப் பார்த்தால் ஒரே ஏராவுக்குப் பதில் நீளவாக்கில் மூன்று புடைப்புகள். எங்கோ ஓர் ஏரியில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரிந்துவிட்டு ஏலத்துக்கு வந்தது. லாரியிலிருந்து இறக்கிய அன்றே கரையில் நின்றவர்கள் அதற்குத் 'தொட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இதென்ன மச்சான், குளிக்கவா வாங்குனிய?" என்று அவருடைய மைத்துனர் கேட்டார். "ஆமா, குளிக்கத்தான்" என்றார் இவர். தொழிலே அதுதானே.

வாங்கச் சொன்னவன் நான். எனக்கு ஊர் முட்டம் பக்கம், தொழில் ஃபைபர் வேலை. ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் மேட்டும் ரெசினுமாக இளமையைக் கழித்துவிட்டு வந்தேன். இப்போது படகு கட்டக் கூப்பிடுகிறவர்களைவிட, பழைய படகைப் பார்த்துச் சொல்லக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். "அண்ணே, படகு பார்க்க நல்லா இருக்கு, வாங்கலாமா?" என்பார்கள். இல்லாவிட்டால், "படகு பார்க்க ஒரு மாதிரி இருக்கு, ஆனா விலை கம்மி, வாங்கலாமா?" என்பார்கள். பார்ப்பதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

ஒரு படகின் வடிவம் விசித்திரமாக இருந்தால், அநேகமாக அது வேறொரு கடலில் எழுந்த கேள்விக்கு யாரோ யோசித்துச் சொன்ன பதிலாக இருக்கும். அந்தக் கேள்வி நம் கரையிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்தப் படகு நமக்கு ஆகும், இல்லாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் ஆகாது. ஆனால் யாரும் எந்தக் கேள்வியும் கேட்காமலே கட்டிய படகுகளும் நம் கரைகளில் கிடக்கின்றன. அவை பார்க்க விசித்திரமாக இருக்காது. ஊரில் உள்ள மற்றப் படகுகள் மாதிரியே இருக்கும். எனக்குப் பயம் அவற்றைப் பார்த்துத்தான்.

அந்தத் தொட்டியின் பூர்வீகத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1958இல் 'பாஸ்டன் வேலர்' என்று 13 அடிப் படகு ஒன்று விற்பனைக்கு வந்தது. அதை விற்றவர் ரிச்சர்ட் ஃபிஷர், வடிவமைத்தவர் ரே ஹன்ட். மொட்டை முகம், அடியில் புடைப்புகள், இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே நிறையக் கெட்டி ஃபோம். பார்த்தவர்கள் அங்கேயும் சிரித்திருப்பார்கள். 1961இல் 'லைஃப்' பத்திரிகையில் ஒரு படம் வந்தது. ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, தண்ணீரிலேயே வைத்து அதை ரம்பத்தால் குறுக்கே அறுக்கிறார்கள். இரண்டு துண்டும் மிதக்கின்றன. இன்ஜின் இருந்த பாதியை அவர் ஓட்டிக்கொண்டே போய்விட்டார். அதன் பிறகு யார் சிரிப்பார்கள்? உலகம் முழுக்க அந்த மொட்டை முகத்தைப் பார்த்து ஆளாளுக்கு அச்சு எடுத்தார்கள். நம் ஏரிகளுக்கும் அப்படி வந்து சேர்ந்த வடிவம்தான் இது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. இந்த மொட்டைப் படகை வரைந்த அதே ரே ஹன்ட்தான், இதற்கு நேர் எதிரான இன்னொரு வடிவத்தையும் உலகத்துக்குக் கொடுத்தார். அடிப்பக்கம் முன்னிருந்து பின்வரை ஆழமான 'வி' எழுத்தாக, 24 டிகிரி அளவுக்குச் சரிந்து இறங்கும் வடிவம். டிக் பெர்ட்ரம் என்பவர் அப்படி ஒரு படகைக் கட்டி, 1960இல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த கடல் பந்தயத்தில், மற்றவர்கள் திணறிய கொந்தளிப்பில் ஓட்டி ஜெயித்தார். ஒரே மூளையிலிருந்து இரண்டு படகு. ஒன்று அமைதியான குடாவில் அசையாமல் நிற்க, மற்றொன்று அலைக்கடலை வேகமாகக் கிழித்துப் போக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அழகு என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

சங்கு குளிக்கிறவருக்கு என்ன வேண்டும்? படகு ஓரிடத்தில் நிற்க வேண்டும். தண்ணீருக்குள் போன ஆள் சங்குப் பையோடு மேலே வந்து விளிம்பைப் பிடித்து ஏறும்போது, ஒரே பக்கமாகச் சாயக் கூடாது. உருண்டை அடி கொண்ட வள்ளத்தில் ஒருவர் ஏறினால் எதிர்ப்பக்கம் இன்னொருவர் போய் நின்று சமன்செய்ய வேண்டும். மூன்று புடைப்புத் தொட்டியில் அந்த வேலை இல்லை, இரண்டு பேர் ஒரே ஓரத்தில் நின்றாலும் கொஞ்சம்தான் தாழும். முகம் மொட்டையாக இருப்பதால் முன்பக்கமும் ஆள் நிற்கிற இடமாகிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் தீவுகளின் மறைவில், கடல் அமர்ந்திருக்கும் மாதங்களில் செய்யும் தொழில் அது. அங்கே கூரான அணியத்துக்கு என்ன வேலை?

இதே தொட்டியை முட்டத்துக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பேன். ஆனி, ஆடியில் எங்கள் கரையில் உடைகிற அலைக்கு நேரே மொட்டை முகத்தைக் காட்டினால், படகு அலை மேல் ஏறாது, அலைதான் படகுக்குள் ஏறும். சின்ன அலை நெருக்கமாக அடிக்கிற நாளில்கூட அதில் வேகமாகப் போனால் ஒவ்வோர் அலைக்கும் அடி 'டம் டம்' என்று அறையும், உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு கழன்றுவிடும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் அலை எப்படிப் புரட்டும் என்று குமரிக் கடற்கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபக்கக் கதையும் உண்டு. அழகான ஒரு படகை வாங்க வேண்டாம் என்று சொல்லி ஒரு பையனின் மனத்தாங்கலைச் சம்பாதித்தேன். வெள்ளை வெளேரென்று, ஆழமான 'வி' அடி, சரிந்த கண்ணாடி, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. ஏதோ விடுதியில் ஓடி, 115 குதிரைத்திறன் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஓடு மட்டும் விற்பனைக்கு வந்தது. விலை மலிவு. தன்னிடம் இருக்கும் 25 குதிரைத்திறன் அவுட்போர்டை மாட்டித் தூண்டில் தொழிலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம். ஆழமான 'வி' தண்ணீர் மேல் எழும்பி ஓட ஆரம்பித்தால்தான் அதன் குணம் தெரியும், எழும்புவதற்குப் பெரிய இன்ஜின் வேண்டும். 25இல் அது எழும்பவே எழும்பாது. முகத்தைத் தூக்கிக்கொண்டு, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு, எண்ணெயைக் குடித்துக்கொண்டு ஊரும். நங்கூரம் போட்டு நிறுத்தினாலோ தொட்டில் ஆடுகிற மாதிரி ஆடும், தூண்டில்காரனுக்கு நாள் முழுக்க அதுதான் கதி. சரி, 115ஐயே மாட்டலாம் என்றால், முழு வேகத்தில் மணிக்கு 40 லிட்டர் பெட்ரோலை நெருங்கும். எத்தனை சீலா பிடித்தால் கட்டும்? நான் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் கணக்கைப் பார்க்கவில்லை, சிவப்புக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வயதில் நானும் அதைத்தான் பார்த்திருப்பேன்.

விசித்திரமான படகுக்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் முட்டத்திலேயே 1980களில் அப்படி ஒன்று பிறந்தது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்குமான மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறிய காலம். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் கில்லே என்ற பொறியாளர், ஒட்டுப்பலகையில் படகு கட்டுகிற வழியை எங்கள் கரையில் பழக்கினார். பலகைகளை அளவாக வெட்டி, ஓரங்களில் ஓட்டை போட்டு, கம்பியால் தைத்து, தையல் மேல் ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து மூடுவார்கள். வளைவே இல்லாமல் மூலை மூலையாக மடிந்திருக்கும். "பெட்டியில போனா கரைக்குப் பெட்டியிலதான் வருவா" என்று என் தாத்தா சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிகள் ஓடின. மடிந்த மூலைகள் தண்ணீரில் சாயாமல் தாங்கின. இரண்டு மூன்று பேர் சேர்ந்து மணலில் இழுக்கிற எடை. அவுட்போர்டு மாட்டத் தோதான பின்பலகை. வள்ளம் தராத வசதி எல்லாம் அதில் இருந்தது. அசிங்கம் என்று சொன்னவர்களே அடுத்த சில வருடங்களில் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள்.

அதே காலத்தில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் இன்னொரு விசித்திரம் நடந்தது. நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஒய்விந்த் குல்பிரான்ட்சன் அதில் பணியாற்றினார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். டீசல் இன்ஜின் செலவு குறைவு, ஆனால் அதை உள்ளே வைத்தால் விசிறி அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். துறைமுகம் இல்லாத மணற்கரையில் படகை ஏற்றும்போது விசிறி உடையும். என்ன செய்வது? இன்ஜினை ஒரு பெட்டிக்குள் வைத்து, இன்ஜின், தண்டு, விசிறி மூன்றையும் ஒரே உடம்பாகத் தூக்கி இறக்குகிற மாதிரி அமைத்தார்கள். தண்டு வெளியே போகிற இடத்தில் ரப்பர் உறை. கரை நெருங்கினால் தூக்கிவிட வேண்டியதுதான். நடுப்படகில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் கேள்வி உண்மையானது, பதிலும் வேலை செய்தது.

இன்று நாகப்பட்டினம் பக்கம் போனால் அதே கேள்விக்கு இன்னும் மலிவான பதில் கரை முழுக்க நிற்கிறது. நீளமான கம்பி வாலின் நுனியில் விசிறி வைத்த 'லாங் டெயில்' டீசல் இன்ஜின்தான் அது. கரை வந்தால் வாலைத் தூக்கிக்கொள்ளலாம். சத்தம் காதைக் கிழிக்கும், புகை வரும், அழகு என்று எந்தக் கோணத்திலும் சொல்ல முடியாது. அதை மாட்டிய ஃபைபர் படகு மணிக்கு ஆறு ஏழு கடல் மைலுக்கு மேல் போகவும் போகாது. அந்த நீளத்துக்கும் எடைக்கும் அதுதான் வேகம். இரண்டு மடங்கு இன்ஜினை வைத்தாலும் பின்னால் அலைதான் பெரிதாகும். இது தெரியாமல் பழைய லாங் டெயில் படகை வாங்கிப் பெரிய இன்ஜினை மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி, பார்க்க எந்தக் கோணலும் இல்லாத படகுகளுக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரைக்குப் படகுகள் வந்து குவிந்தன. கொடுத்தவர்களின் மனசைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அத்தனை படகையும் அவ்வளவு சீக்கிரம் கட்டித்தர அப்போதிருந்த பட்டறைகளால் முடியாது என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் கொட்டகை முளைத்தது. நேற்றுவரை தண்ணீர்த் தொட்டி வார்த்தவர், கதவு வார்த்தவர் எல்லாம் படகு வார்த்தார். நல்ல படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே அச்சு எடுத்தார்கள். 28 அடி அச்சை நடுவில் வெட்டி, இடையில் துண்டு சேர்த்து 32 அடி ஆக்கினார்கள். வெளித்தோற்றத்தில் அது அண்ணன் தம்பி மாதிரி அசலைப் போலவே இருக்கும். ஆனால் நீளம் கூடியபோது தடிமன் கூடவில்லை, உள்ளே வங்கு கூடவில்லை. ஈரக்காற்றில் வார்த்த ரெசின் சரியாக இறுகவுமில்லை.

அப்படிப் பிறந்த படகுகளில் பிழைத்தவை கைமாறிக் கைமாறி இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை யாரும் தொட்டி என்று கேலி செய்வதில்லை. ஊர்ப் படகு மாதிரியே இருப்பதால் ஐந்து நிமிடத்தில் முன்பணம் கைமாறிவிடுகிறது. மொட்டை முகத்துக்காரரை மட்டும் மூன்று நாள் கேள்வி கேட்டுத் துளைக்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகம் வருவதில்லை.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் படகை விட்டுத் தள்ளி நின்று, பெயின்ட்டுக்கு அடியில் மங்கலாகத் தெரியும் பழைய நீர்க்கோட்டைத் தேடுவேன். பாசியும் உப்பும் உட்கார்ந்த கறை அவ்வளவு சுலபத்தில் போகாது. அந்தக் கறை பின்பக்கம் மிகவும் ஏறி இருந்தால், படகு இத்தனை வருடமும் பின்னால் அமுங்கித்தான் கிடந்திருக்கிறது. இன்ஜின் பாரமா, உள்ளே தேங்கிய தண்ணீரா என்று தோண்ட வேண்டும். விற்பவர் வாயிலிருந்து வராத கதையெல்லாம் அந்தக் கறையில் இருக்கும்.

பிறகு பின்பலகை. ஃபைபருக்குள்ளே ஒட்டுப்பலகை வைத்து மூடியிருப்பார்கள். இன்ஜினை மாட்டும் ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்க, உள்ளே பலகை மக்கிக்கொண்டிருக்கும். சுத்தியலின் மரப்பிடியால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வர வேண்டும். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் சொத்தென்று விழும். அங்கே நிறுத்திச் சாக்பீஸால் கோடு போடுவேன். அந்தக் கோடு வளர்ந்து வட்டமாவதைப் பார்க்கும்போது விற்பவரின் முகம் மாறுவதையும் பார்க்கலாம். அடுத்து, மாட்டியிருக்கும் இன்ஜினைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவேன். பின்பலகையும் சேர்ந்து ஆடினால் பேச்சு அத்துடன் முடிந்தது.

பின்பலகையின் உயரத்தையும் அளக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், விசித்திரமான படகுகளில் குறிப்பாக. அவுட்போர்டு குட்டைத் தண்டு என்றால் 15 அங்குலப் பலகைக்கு, நெட்டைத் தண்டு என்றால் 20 அங்குலத்துக்கு. உங்களிடம் இருப்பது குட்டை, படகோ 20 அங்குலம் என்றால், விசிறி மேலே வந்து காற்றை விழுங்கும். இன்ஜின் கத்தும், படகு நகராது. 'படகு ராசியில்லை' என்று விற்றவர்களில் இரண்டொருவருக்கு ஐந்து அங்குலம்தான் ராசியில்லாமல் இருந்தது.

அடித்தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பது இன்னொன்று. உள்பக்கம் பெயின்ட் அடிக்காத ஃபைபர் என்றால் இருட்டிய பிறகு வெளியே நல்ல டார்ச் லைட்டை வைத்து உள்ளேயிருந்து பார்க்கலாம். தடித்த இடம் இருட்டாகவும் மெலிந்த இடம் வெளிச்சமாகவும் தெரியும். காற்றுக்குமிழிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அடியில் ஏறி நின்று குதிகாலால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வருகிறதா? அப்படிப்பட்ட அடி ஒவ்வோர் அலைக்கும் அதையேதான் செய்துகொண்டிருக்கும், ஒருநாள் வங்கு ஓரமாகக் கிழியும். இன்ஜினில் கியர் எண்ணெயைக் கொஞ்சம் சிந்தவிட்டுப் பார்க்க வேண்டும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. இதெல்லாம் கொஞ்சம் அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் சொல்வார், நீட்ட விரும்பவில்லை.

இவ்வளவும் பேசுவதால் நான் அழகு பார்க்காதவன் என்று நினைக்க வேண்டாம். படகில் அழகு உண்டு. விளிம்புக் கோடு முன்னால் எழுந்து, நடுவில் தாழ்ந்து, பின்னால் கொஞ்சமாக ஏறும். அந்தக் கோட்டில் ஒரு படகு கட்டியவரின் கை தெரியும். பழைய வள்ளங்களில் அந்த எழுச்சிக்குக் காரணம் இருந்தது. அலையில் முகம் எழ வேண்டும், வலை இழுக்கும் நடு இடம் தாழ்வாக இருக்க வேண்டும். சமீபமாகச் சில ஃபைபர் படகுகளில் அணியத்தை மயில் கழுத்து மாதிரி உயர்த்திக்கொண்டே போகிறார்கள். வீடியோவில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் மிதக்கும் மரக்கட்டையோ வலையோ தெரியாது. பக்கக் காற்றில் அந்தக் கழுத்து படகின் முகத்தைத் திருப்பும். காரணம் போய் எழுச்சி மட்டும் மிஞ்சிய அழகு அது. மாதா படமோ அந்தோணியாரோ அபிமான நடிகரோ எதை வேண்டுமானாலும் வரைந்துகொள்ளுங்கள், பெயின்ட்டுக்கு அவ்வளவு எடை கிடையாது. கழுத்துக்கு உண்டு.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மீன்பிடிப் படகை வாங்கிச் சுற்றுலாவுக்கு மாற்றுகிறேன் என்று ஒட்டுப்பலகைக் கூரை, அதன் மேல் சோலார், அதற்கும் மேல் ஸ்பீக்கர் என்று அடுக்குகிறார்கள். தரையில் கிடக்கும் 100 கிலோ படகை நிலைநிறுத்தும். அதில் பாதி எடை தலைக்கு மேல் போனால் அதே படகு ஒவ்வொரு சாய்விலும் யோசித்து யோசித்து நிமிரும். நிமிரத் தாமதிக்கிற படகில் ஆள் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. நிழல் வேண்டுமென்றால் குழாயும் தார்ப்பாயும் போதும்.

ஒரே படகு இரண்டு வேலை செய்யும் என்று விற்பவர் சொன்னால் எனக்கு ஆம்ஃபிகார்தான் ஞாபகம் வரும். 1960களில் ஜெர்மனியில் கட்டிய, தண்ணீரிலும் ஓடுகிற கார். 770 என்று அதற்கு எண். தண்ணீரில் 7 கடல் மைல், தரையில் 70 மைல் வேகம் என்று கணக்கு. பிரிட்டிஷ் டிரையம்ஃப் ஹெரால்டு காரின் இன்ஜின், பின்னால் இரண்டு விசிறி, முன்சக்கரமே சுக்கான். அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனிடம் ஒன்று இருந்தது. தன் பண்ணைக்கு வரும் விருந்தாளிகளை அதில் ஏற்றி, பிரேக் பிடிக்கவில்லை என்று கத்திக்கொண்டே ஏரிக்குள் விட்டு அலற வைப்பாராம். அந்த விளையாட்டுக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் காராக நிதானம், படகாக அதைவிட நிதானம், தண்ணீரைப் பார்த்து வந்தால் ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் துரு. இன்று அதைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் சேகரிப்பாளர்கள். காலையில் வலை, மாலையில் சுற்றுலா என்று திட்டம் போடுகிறவர் சேகரிப்பாளர் இல்லை. அவருக்குக் கடன் தவணை இருக்கிறது.

கடைசியாக எடை. தூத்துக்குடித் தொட்டியைப் பற்றி நான் ஆமாம் என்று சொன்னது முன்பு சொன்ன காரணங்களால் மட்டுமல்ல. அது லாரியில் வந்தபோது வழியிலேயே எடை மேடையில் ஏற்றச் சொன்னேன். சரக்கோடு ஒரு சீட்டு, படகை இறக்கிய பிறகு காலி லாரிக்கு ஒரு சீட்டு. கழித்தால் 610 கிலோ. இந்த அளவுப் படகு, இந்தத் தடிமனுக்கு, என் கணக்கில் 520 இருக்க வேண்டும். 90 கிலோ எங்கிருந்து வந்தது? தரையில் வட்டமாக ஒரு மூடி வெட்டிக் கைவிட்டுப் பார்த்தோம். பின் அறையில் ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. முன்னறை காய்ந்தே இருந்தது. நனைந்ததை வெட்டி எடுத்து, காயவிட்டு, புதிதாக நிரப்பும் செலவை விலையில் கழிக்கச் சொன்னோம், விற்றவர் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். ஃபோம் நிறைத்த படகை மூழ்காது என்று விற்பார்கள், உண்மைதான். ஆனால் நனைந்த ஃபோமோடு மூழ்காமல் கிடப்பதற்கும் ஓடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பழைய படகு வியாபாரத்தில் இந்த எடைச் சீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. IND-TN என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கூடவே பெயர் மாற்றும்போது, படகைக் கட்டிய பட்டறை, கட்டிய வருடம், இன்றைய எடை மூன்றும் வாங்குகிறவர் கையில் எழுத்தில் கிடைக்க வேண்டும். நான் பார்க்கும் படகுகளில் கட்டியவர் யார் என்றே சொல்ல முடியாதவை ஏராளம். மோட்டார் சைக்கிள் வாங்கினால் சேசிஸ் எண்ணைக் கரித்தாளில் தேய்த்து எடுக்கிறவர்கள்தானே நாம். அரசு அலுவலகங்களும் விடுதிகளும் படகை ஏலம் விடும்போது நான்கு பக்கப் படத்தோடு எடையையும் போட வேண்டும், தரை மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். இதற்குப் புதிய நிபுணர் குழு எதுவும் தேவையில்லை. எடை மேடை எல்லா நெடுஞ்சாலையிலும் இருக்கிறது, செலவு சில நூறு ரூபாய்.

அதுவரை, வாங்குகிறவர்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மொட்டைப் படகோ மயில் கழுத்தோ, விற்பவரிடம் நான் முதலில் சொல்வது எடை மேடைக்குப் போவோம் என்பதுதான். சிலர் உடனே வண்டியை எடுப்பார்கள். சிலர், "அண்ணே, படகைப் பார்த்தாலே தெரியலையா?" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு நான் பஸ் ஏறிவிடுகிறேன்.